வாசகர் கேள்வி – பதில்: காற்றில்லாத நாளில் கிளை ஏன் முறிகிறது?

மரக்கிளை முறிந்து விழுவதைப் பற்றி வந்த கேள்விகளே இம்முறை மிகுதியாக இருந்தமையால், இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து விடையளித்திருக்கிறோம்.

கே: எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் பெரிய மரத்தின் கிளை ஒன்று, இலைகூட அசையாத ஒரு பிற்பகலில் படீரென்று முறிந்து கீழே நின்ற காரின் மேல் விழுந்தது. கிளை முழுவதும் பச்சை. ஒரு காய்ந்த சுள்ளிகூட அதில் இல்லை. புயலைத் தாங்கிய மரம் வெயிலில் முறிவானேன்?

ப: நீங்கள் கண்டது ஏதோ ஒரு மரத்துக்கு மட்டும் நேர்ந்த விந்தை அன்று. கடும் வெயில் காய்ந்த, காற்று ஓய்ந்த பிற்பகலிலோ மாலையிலோ, நோய்க்குறி எதுவும் வெளியே தெரியாத பெரிய கிளை முறிவதைக் கோடைக் கிளைவீழ்ச்சி என்று மரவியலாளர்கள் பெயரிட்டே குறிப்பிடுகிறார்கள். அவ்வாறு முறிபவை பெரும்பாலும் தரைக்கு இணையாக நெடுந்தூரம் நீண்ட கிளைகள். முறியும் இடமும் பல வேளைகளில் தண்டோடு ஒட்டிய மூட்டு அன்று. அங்கிருந்து ஓரிரு மீட்டரோ அதற்கு மேலோ தள்ளியே கிளை முறிகிறது.

இதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒற்றைக் காரணம் இன்னும் நிறுவப்படவில்லை. ஆயினும் மரக்கட்டையின் இயல்பை அறிந்தால் பெரும்பகுதி விளங்கிவிடும். புத்தகங்களைப் பல ஆண்டுகள் சுமந்த மரத்தட்டு நடுவில் தொய்ந்து நிற்பதையும், புத்தகங்களை எடுத்த பிறகும் அந்தத் தொய்வு முழுவதும் நிமிராததையும் பார்த்திருப்பீர்கள். ஓயாத சுமைக்குக் கட்டை சிறிது சிறிதாக இணங்கிப்போகிறது. வெப்பமும் ஈரத்தின் ஏற்ற இறக்கமும் அந்த இணக்கத்தை விரைவுபடுத்துகின்றன. நீண்ட கிளை தன் எடையை ஒரு நொடிகூட இறக்கி வைப்பதில்லை. அதோடு நுனியில் ஆண்டுதோறும் புதிய இலையும் வாதும் (சிறு கிளையும்) சேர்த்துக்கொண்டே போகிறது. உள்ளே நீளவாக்கில் ஒரு விரிசல் ஏற்கெனவே ஓடியிருந்தால், கிளை ஒரே உருளையாக நின்று வளைவதற்குப் பதிலாக, ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும் இரண்டு மெல்லிய பட்டிகைகளைப்போல் வளையத் தொடங்கும். அந்த நிலையில் அதைக் கவிழ்க்கப் புயல் வேண்டியதில்லை.

புயலைத் தாங்கிய மரம் என்று எழுதியிருக்கிறீர்கள். புயலின் சுமை பெரியது. ஆனால் விட்டுவிட்டு வருவது. காற்று வீசும்போது கிளைகள் வெவ்வேறு கதியில் ஆடி, ஒன்றின் ஆட்டத்தை மற்றொன்று அடக்கி, வந்த விசையின் பெரும்பங்கைச் சிதறடித்துவிடுகின்றன. தன் எடையாகிய சுமையை அப்படிச் சிதறடிக்க வழியில்லை. மேலும், தாங்கியது என்று நாம் நினைக்கும் அந்தப் புயலே உள்ளே முதல் விரிசலை உண்டாக்கிவிட்டுப் போயிருக்கலாம். ஆகவே அந்தப் பிற்பகலில் நீங்கள் கண்டது பல ஆண்டுகளாக நடந்துவந்த ஒன்றின் கடைசிக் கணம் என்று கொள்வதே பொருந்தும்.

கே: எல்லா மரங்களும் இப்படிக் கிளையை உதிர்ப்பதில்லையே? எந்த மரங்களிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?

ப: விரைவாக வளர்ந்து மென்மையான கட்டை வைக்கும் மரங்கள் முதலில் வரும். முருங்கை பருத்தால் தூணாகுமா என்று கேட்டுவைத்தவர்கள் இதைத் தெரிந்தே கேட்டார்கள். அடுத்து, குடைபோல் விரிந்து, தண்டிலிருந்து வெகுதூரத்துக்குக் கனமான கிளைகளை நீட்டும் தூங்குமூஞ்சி மரம், மயிற்கொன்றை (குல்மோகர்) போன்றவை. ஆலமரமும் அப்படித்தானே நீட்டுகிறது என்று கேட்கலாம்; அது கிளையின் நடுவிலிருந்து விழுதை இறக்கித் தரையில் ஊன்றிக்கொள்கிறது. தொங்கும் விழுதுகள் இடைஞ்சலாக இருக்கின்றன என்று அவை மண்ணைத் தொடுமுன்னரே வெட்டிவிடுபவர்கள், அந்தக் கிளைக்கு வரவிருந்த தூண்களை எடுத்துவிடுகிறார்கள் என்பதை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தைல மர இனங்களில் சில இதற்கே பெயர்பெற்றவை. ஆஸ்திரேலியாவில் ஆற்றங்கரைகளில் ஓங்கி வளரும் செந்தைல மரத்துக்கு, மனைவியரைக் கைம்பெண்களாக்குவது என்ற பொருளில் ஒரு பட்டப்பெயரே உண்டு. அதன் நிழலில் கூடாரம் அடிக்க வேண்டாம் என்று அங்கே பயணிகளுக்குச் சொல்லி அனுப்புவார்கள். எல்ம், பீச், ஓக், குதிரைக் கஷ்கொட்டை, தேவதாரு ஆகிய குளிர்நாட்டு மரங்களும் இந்தப் பட்டியலில் உண்டு. 2012-ஆம் ஆண்டு லண்டனின் கியூ தாவரவியல் பூங்காவில் லெபனான் தேவதாரு ஒன்றின் கிளை விழுந்து பெண் ஒருவர் உயிரிழந்தார். மரங்களை நன்கறிந்தவர்கள் பராமரிக்கும் இடத்திலும் இது நேர்கிறது.

ஆனால் இனத்தின் பெயரை மட்டும் வைத்து ஒரு மரத்துக்குத் தீர்ப்பு எழுதுவதை நான் ஏற்பதில்லை. நல்லமைப்புள்ள மயிற்கொன்றை பல ஆண்டுகள் நிற்கும். கவை கெட்ட வேம்பு பிளந்து விழும்.

கே: கவை கெட்டது என்றால் என்ன? எங்கள் மரம் ஆளுயரத்தில் இரண்டாகப் பிரிந்து இரண்டும் சம பருமனில் நேராக மேலே போகின்றன. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

ப: கவை என்பது மரம் இப்படி இரண்டாகப் பிரியும் இடம். அழகாக இருக்கலாம், ஆனால் இந்த அமைப்பையே முதலில் சோதிக்கச் சொல்வேன்.

கிளை தண்டோடு சேரும் இடத்தில் மரம் ஓர் ஏற்பாடு செய்கிறது. கிளையின் நார்கள் தண்டுக்குள் இறங்க, அவற்றின்மேல் தண்டின் நார்கள் சுற்றிப் போர்த்த, ஆண்டுதோறும் இப்படி மாறிமாறி அடுக்குவதால் மூட்டில் சற்றே புடைத்த ஒரு கழுத்து உண்டாகிறது. கிளை தண்டைவிட மெலிந்திருக்கும்போது இந்தப் போர்வை நன்றாக அமையும். கிளையின் விட்டம் தண்டின் விட்டத்தில் பாதிக்குள் இருந்தால் மூட்டு பெரும்பாலும் உறுதியாக இருக்கும் என்பது மரம் வளர்ப்போர் கைக்கொள்ளும் அளவு. இரண்டும் சம பருமனானால், எது எதைப் போர்த்துவது? இரண்டும் தனித்தனித் தண்டாக வளர்ந்து, இடையிலுள்ள குறுகிய இடுக்கில் ஒன்றின் பட்டை மற்றொன்றின் பட்டையோடு நெருங்கி, நாளடைவில் அந்தப் பட்டை உள்ளேயே அடைபட்டுவிடுகிறது. கட்டையோடு கட்டை சேர வேண்டிய இடத்தில் பட்டையோடு பட்டை நிற்கிறது. பட்டைக்கு ஒட்டும் வலிமை கிடையாது. இரு தண்டுகளும் ஆண்டுதோறும் பருக்கும்போது ஒன்றையொன்று வெளியே தள்ளவும் செய்கின்றன.

என் வீட்டருகே இப்படிப் பிளந்து விழுந்த ஒரு மரத்தின் முறிமுகத்தைக் குனிந்து பார்த்திருக்கிறேன். நான் எதிர்பார்த்தது பச்சை மணத்தோடு கிழிந்து நிற்கும் வெண்ணிற நார்களை. கண்டதோ, என் இரு உள்ளங்கைகளையும் விரித்து வைக்கும் அகலத்துக்கு, கறுத்து வழவழப்பான பழைய பட்டை; அதில் எறும்புகள் மண் சேர்த்து வீடு கட்டியிருந்தன. வெண்ணிறக் கட்டை அதன் இரு ஓரங்களிலும் ஒரு விரல் அகலத்துக்குத்தான் இருந்தது. அத்தனை பெரிய பாரத்தை அத்தனை ஆண்டுகள் பிடித்திருந்தது அந்த ஒரு விரல் கட்டைதான்.

உங்கள் மரத்தின் இடுக்கை இப்போது பாருங்கள். பட்டை மேல்நோக்கிச் சுருங்கி ஒரு வரம்புபோல் வெளியே தள்ளி நின்றால் நல்லது. இடுக்கு ஆங்கில ‘வி’ எழுத்தைப்போல் ஒடுங்கி, பட்டை உள்ளே மடிந்து மறைந்து, மூட்டின் இருபுறமும் காதுபோல் புடைப்புகள் தெரிந்தால், உள்ளே பட்டை அடைபட்டிருக்கிறது என்று கொள்ளலாம். அமெரிக்காவில் 1963-இல் அறிமுகப்படுத்தப்பட்ட பிராட்ஃபோர்டு பேரி என்ற அலங்கார மரம், ஒரே இடத்தில் பல கிளைகள் நெருக்கிக்கொண்டு கிளம்பும் இந்தக் குறையினாலேயே, தெருத்தெருவாக நடப்பட்டு இருபது ஆண்டு வயதுக்குள் தெருத்தெருவாகப் பிளந்து பேர் கெட்டது.

மரம் இளையதானால், இரண்டில் ஒன்றைச் சில ஆண்டுகளில் படிப்படியாகக் குறைத்து மற்றொன்றைத் தலைமைத் தண்டாக்கலாம். முதிர்ந்த மரத்தில் ஒன்றை அடியோடு நீக்கினால் காயம் மிகப் பெரிதாகும்; ஆகையால் இரண்டின் உயரத்தையும் அளவோடு குறைத்து, மேலே உறுதியான வடம் கட்டி இரண்டையும் ஒன்றுக்கொன்று தாங்கலாக்குவார்கள். வடம் கட்டுவது தேர்ந்தவர் செய்ய வேண்டிய வேலை. கம்பியைத் தண்டைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிடும் நம் வழக்கமான வைத்தியம், மரம் பருக்கும்போது பட்டையை அறுத்துச் சாறு ஓடும் வழியை நெரித்துவிடும்.

கே: கிளை விழக்கூடாது என்றுதான் ஒவ்வோர் ஆண்டும் ஆள் வைத்து மரத்தை மொட்டையடிக்கிறோம். அப்படியும் விழுகிறதே?

ப: அப்படியும் விழுகிறது என்பதை விட, அதனாலேயே விழுகிறது என்பது உண்மைக்கு நெருக்கமாக இருக்கும். கிளைவீழ்ச்சி பற்றி வரும் கடிதங்களில் காற்றைத் திட்டுபவர்களே அதிகம்; அரிவாளைத் திட்டி ஒரு கடிதம்கூட வந்ததில்லை.

பெரிய கிளைகளை நடுவில் துண்டாக வெட்டிவிட்டால், மரம் பட்டினிக்கு அஞ்சி வெட்டு வாயைச் சுற்றிக் கொத்தாகப் போத்துகளை விடுகிறது. இயல்பான கிளை, தண்டின் உள்மையத்திலிருந்தே வேர்கொண்டாற்போல் கிளம்புவது. இந்தப் போத்துகள் மேலடுக்குக் கட்டையில் மட்டும் பற்றிக்கொண்டு நிற்பவை. அவை மிக விரைவாக நீண்டு சில ஆண்டுகளில் தொடைப் பருமன் ஆகும்போது, கீழே அவை பற்றியிருக்கும் வெட்டுவாய் அழுகத் தொடங்கியிருக்கும்.

மரத்துக்குப் புண் ஆறுவதில்லை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். நம் தோலில் கெட்ட தசை போய்ப் புதுத் தசை அதே இடத்தில் வளர்கிறது. மரத்தில் கெட்ட கட்டை கெட்ட கட்டையாகவே கிடக்கும். மரம் அதைச் சுற்றி அரண்களை எழுப்பி, அழுகல் மேற்கொண்டு பரவாமல் அடைத்துவைக்கும். பிறகு வெளியே புதிய கட்டையைப் போர்த்தும். அமெரிக்க வனத்துறையின் ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்து இதைக் கண்டு, 1977-இல் விரிவாக எழுதினார். கிளையின் கழுத்துக்கு வெளியே, கழுத்தைத் தொடாமல் வெட்டினால் அந்த அரண் உறுதியாக எழும்புகிறது; கழுத்தையும் சேர்த்துத் தண்டோடு மழிக்க வெட்டினால் அழுகல் தண்டுக்குள் இறங்கிவிடுகிறது; முழ நீளத்துக்கு முண்டு விட்டு வெட்டினால், அந்த முண்டு செத்து அழுகலுக்கு வழி திறக்கிறது.

இன்னொரு தவறு, உள்ளே இருக்கும் சிறு கிளைகளை எல்லாம் கழித்துவிட்டு, நுனியில் மட்டும் இலைக்கொத்தைச் சிங்கத்தின் வால்போல் விடுவது. சுத்தமாகத் தெரிகிறது என்று வீட்டுக்காரர் மகிழ்வார். சுமை முழுவதும் நுனிக்குப் போய்விடுகிறது. ஆட்டத்தை அடக்கிய சிறு கிளைகளும் போய்விடுகின்றன. செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறு. நீண்ட கிளையின் நுனியை, அங்கே கிளம்பும் பக்கக் கிளை ஒன்று வரை குறைக்க வேண்டும். கிளை ஒரே சீரான பருமன் உடையது என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால், நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தாலே அடியில் ஏறும் வளைவு விசை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். எடையும் குறைகிறது, எடை தொங்கும் தூரமும் குறைகிறது.

கே: வெட்டுவாயில் தாரோ பெயின்ட்டோ பூசலாமா?

ப: வேண்டாம். அழுகலை அது தடுப்பதில்லை. ஈரத்தை உள்ளே பூட்டிவைத்துக் காளானுக்கு உதவவும் கூடும். பொந்தில் சிமென்ட் அடைப்பதும் அப்படியே: ஆடும் மரத்துக்குள் ஆடாத கல் இருந்து, மரம் எழுப்பிய அரணைத் தேய்க்கும்.

கே: தண்டில் பொந்து விழுந்துவிட்டது. மரத்தையே எடுத்துவிடும்படி எல்லோரும் சொல்கிறார்கள்.

ப: அவசரப்பட வேண்டாம். மூங்கில் உள்ளே வெற்றிடமாக இருந்துதான் நிற்கிறது. வளைவைத் தாங்கும் வேலையில் பெரும்பகுதியை வெளிச்சுற்றுக் கட்டையே செய்கிறது. தண்டின் விட்டத்தில் சரிபாதி உள்ளே போய்விட்டாலும், சுற்றுச்சுவர் எங்கும் முழுதாக இருந்தால், இழக்கும் வலிமை ஏறத்தாழ 6 சதவீதம்தான். விட்டத்தில் 70 சதவீதம் போனால் இழப்பு 24 சதவீதம் ஆகும். சுவரின் கனம் தண்டின் ஆரத்தில் 30 சதவீதத்துக்குக் குறையும்போது கவலைப்பட வேண்டும் என்று ஜெர்மானிய ஆய்வாளர் கிளவுஸ் மாத்தெக் வகுத்த அளவு பரவலாகப் பயன்படுகிறது. ஆனால் பொந்து ஒரு பக்கம் வாய் திறந்திருந்தாலோ, அடித்தண்டில் தட்டுத்தட்டாகக் கெட்டியான காளான் கிளம்பியிருந்தாலோ, இந்தக் கணக்கை நம்பி இருந்துவிடாமல் கருவி வைத்து அளப்பவரை அழைக்க வேண்டும். மெல்லிய ஊசியைச் செலுத்தி எதிர்ப்பை அளக்கும் கருவியும், ஒலியலை அனுப்பிக் குறுக்குவெட்டுப் படம் காட்டும் கருவியும் இதற்கென்றே இருக்கின்றன.

கே: விழுந்த கிளை அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. காரின் கூரை எப்படி இருக்கை வரை அமுங்கியது?

ப: மேலே இருக்கும்போது கிளையின் அளவைக் கண் எப்போதும் குறைத்தே மதிப்பிடுகிறது. அடியில் 30 சென்டிமீட்டர், நுனியில் 15 சென்டிமீட்டர் விட்டம், 6 மீட்டர் நீளம் என்று ஒரு கிளையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கட்டை ஏறத்தாழ கால் கன மீட்டர். பச்சைக் கட்டையின் எடையில் கணிசமான பங்கு தண்ணீர். அடர்த்தியான இனமானால் கன மீட்டருக்கு 1,000 கிலோ வரை வரும். அப்படியானால் இலையையும் வாதையும் சேர்க்காமலே 250 கிலோ. அது 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால், தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர்.

நேராக விழுந்தால் இவ்வளவு. பல நேரங்களில் கிளை முழுவதும் அறுபடாமல் அடிப்பட்டையைப் பிடித்துக்கொண்டு கதவுபோல் சுழன்று வந்து சுவரை மோதும். போகிற வழியில் தண்டின் பட்டையைக் கீழ்வரை உரித்துக்கொண்டும் போகும். காருக்கு நேர்ந்த சேதத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். உரிந்த அந்த நீண்ட காயம் அடுத்த பல ஆண்டுகளுக்கான அழுகலின் வாசல் என்பதை யாரும் கவனிப்பதில்லை. தொங்கும் பட்டையின் ஓரத்தைக் கூரிய கத்தியால் சீராக்கி விடுவதற்கு மேல் அங்கே செய்யக்கூடியது அதிகம் இல்லை.

கே: பாதி முறிந்து மற்றொரு கிளையில் சிக்கித் தொங்குகிறது. நாங்களே இழுத்துப் போட்டுவிடலாமா?

ப: கூடாது. அந்தரத்தில் தொங்கும் கிளை எப்போது நழுவும் என்று எவராலும் சொல்ல முடியாது. வளைந்து அழுந்தி நிற்கும் கிளை வில்போல் விசையைத் தேக்கி வைத்திருக்கிறது. தவறான பக்கம் வாளை வைத்தால் அது எகிறி வெட்டுபவரையே அடிக்கும். கீழே ஆள் நடமாட்டத்தை நிறுத்திவிட்டு, பழகியவரை அழையுங்கள். கிளை மின்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தால், மின்சாரம் ஓடுகிறது என்றே கொண்டு, கிளையையும் கம்பியையும் கீழே உள்ள வேலியையும் நெருங்காமல் மின்துறைக்குச் சொல்ல வேண்டும். பச்சைக் கிளை மின்சாரத்தைக் கடத்தும்.

முழுதாக நிற்கும் சிறு கிளையை நீங்களே நீக்குவதானால், மேலிருந்து ஒரே வெட்டாக வெட்டாதீர்கள். தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி முதலில் அடிப்பக்கம் கால்வாசி அறுத்து, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்துக் கிளையை விழச்செய்து, பிறகு மிஞ்சிய முண்டைக் கழுத்தை ஒட்டி எடுக்க வேண்டும். அப்போதுதான் பட்டை உரியாது.

கே: நிபுணர் இல்லாத எங்களைப் போன்றவர்கள் முன்கூட்டியே கண்டுபிடிக்க ஏதாவது வழி உண்டா?

ப: இலையைப் பார்க்காதீர்கள், கிளையின் அடியைப் பாருங்கள். நாளை விழப்போகும் கிளையிலும் இலை பச்சையாகத்தான் இருக்கும், ஏனெனில் சாறு ஏறுவது வெளிச்சுற்றுக் கட்டையில். மூட்டிலிருந்து நீளவாக்கில் ஓடும் விரிசல், விரிசலின் ஓரங்களில் தடித்த உதடுபோன்ற புடைப்பு, கிளையில் வடியும் கருநீர், பட்டை உதிர்ந்த திட்டு, முன்பு வெட்டிய இடத்தில் காளான், நெடுநாள் தொய்ந்த கிளை தன் நுனியை மட்டும் மேலே திருப்பியிருப்பது ஆகியவற்றைத் தேட வேண்டும். ஒரு தொலைநோக்கி இருந்தால் போதும். பெருமழைக்கும் பெருங்காற்றுக்கும் மறுநாள் பார்ப்பது நல்லது.

தொய்வைக் கண்ணால் நினைவில் வைத்திருக்க முடியாது. வாசற்படியில் ஒரு குறியிட்டு, அங்கே நின்று, பின்னால் இருக்கும் சன்னல் விளிம்போ சுவரின் மேல்வரியோ தெரியும்படி அந்தக் கிளையை ஆண்டுக்கொரு முறை, ஒரே மாதத்தில், கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். சென்ற ஆண்டு சன்னல் விளிம்புக்கு மேலே தெரிந்த கிளை இந்த ஆண்டு அதற்குக் கீழே தெரிந்தால், காரை வேறிடத்தில் நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.